அந்தப் படம் மான்செஸ்டரில் எடுத்தது அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காந்தி ஜயந்தியன்று தங்கள் நாளிதழின் சிறப்புப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. வெள்ளைச் சால்வை போர்த்திய காந்தி நடுவில் நிற்கிறார். சுற்றிலும் ஆங்கிலேயப் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். சிலர் கையை உயர்த்தி ஆரவாரம் செய்கிறார்கள். கீழே 'மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளர்களுடன் மகாத்மா' என்று போட்டிருந்தீர்கள்.

அது மான்செஸ்டர் இல்லை. இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில், டார்வென் என்ற ஊரில் உள்ள கிரீன்ஃபீல்டு மில்லில் 1931 செப்டம்பர் 26, சனிக்கிழமை எடுத்த படம். மான்செஸ்டருக்கு வடக்கே சுமார் 20 மைல் போகவேண்டும். திருப்பூரில் எடுத்த படத்துக்குக் கீழே கோயம்புத்தூர் என்று போட்டால் திருப்பூர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? டார்வென்காரர்கள் யாரும் நம் பத்திரிகையைப் படிக்கப் போவதில்லை. அதனால் அவர்கள் சார்பில் நான் எழுதுகிறேன். 1974 முதல் 1983 வரை ஒன்பது வருடம் அந்த ஊரில் குடியிருந்தவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

என் கணவர் பக்கத்து ஊர் மருத்துவமனை ஒன்றில் டாக்டராக இருந்தார். வாடகை குறைவு என்று டார்வெனில் வீடு பிடித்தோம். மேட்டுத் தெருவில், ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும் கருப்புக் கல் வீடுகளில் ஒன்று. அந்தக் கல் முதலில் கருப்பே இல்லையாம்; நூறு வருட மில் புகை அப்படி ஆக்கியது என்று பிறகுதான் தெரிந்தது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே இந்தியா மில்லின் புகைபோக்கி. ஆமாம், அந்த மில்லுக்குப் பெயரே இந்தியா மில். புகைபோக்கியின் உயரம் 303 அடி. இத்தாலி தேசத்து மணிக்கூண்டு போல வேலைப்பாடு செய்து 1860-களில் எழுப்பியது. அதன் அடிக்கல்லை இழுத்து வர 35 குதிரைகள் பூட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். வந்த புதிதில் ஊர் நினைவு வரும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பெயர் ராசிதான், வேறென்ன.

எனக்கு மில் ஊர் புதிதல்ல. அப்பா கோவையில் ஒரு மில்லில் ஸ்பின்னிங் பகுதியில் வேலை பார்த்தவர். சங்கு ஊதினால்தான் எங்கள் வீட்டில் உலை வைப்பார்கள். அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோகும்போது, மெஷின் பக்கவாட்டில் வார்ப்பு இரும்பில் புடைத்து நிற்கும் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிப்பேன்: பிளாட் பிரதர்ஸ், ஓல்டம். நான் முதன்முதலில் வாசித்த ஆங்கிலம் அதுதான். அந்த ஓல்டம் டார்வெனிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம் என்று தெரிந்தபோது ஏனோ சிரிப்பு வந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு பாட்டியம்மா தனியாக இருந்தார். பெயர் வேண்டாம், பாட்டியம்மா என்றே சொல்கிறேன். 14 வயதில் தறிக்குப் போய் 40 வருடம் நெய்தவர். எல்லாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்புறம் புரிந்தது, நம்மூரில் 'கண்ணு' என்கிறோமே, அதுதான் அது. ஊர்ப் பெயரைக்கூட டார்வென் என்று சொல்லமாட்டார், 'டாரன்' என்பார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் வாசலில் மண்டியிடுவார். வாளியில் தண்ணீர், ஒரு துணி, சோப்புக் கட்டி அளவில் ஒரு கல். வாசற்படியை நன்றாகக் கழுவிவிட்டு, ஈரம் காய்வதற்குள் படியின் விளிம்பில் அந்தக் கல்லை ஒரே சீராக இழுத்துத் தேய்ப்பார். காய்ந்ததும் பாலாடை நிறத்தில் ஒரு பட்டை தெரியும். 'டாங்கி ஸ்டோன்' என்பார்கள் அதை. கல் முதுகில் சிங்க முத்திரை இருக்கும். இளையவர்கள் விட்டுவிட்டார்கள், எங்கள் தெருவில் அவரும் இன்னும் இரண்டு கிழவிகளும்தான் செய்தார்கள். அந்தக் காலத்தில் பழைய துணி வாங்க வண்டிக்காரன் வருவானாம். கந்தலைப் போட்டால் காசுக்குப் பதில் இந்தக் கல்லைத் தருவானாம். பழைய புடவைக்கு எவர்சில்வர் பாத்திரம் வாங்கிய என் அம்மா அங்கே இருந்திருந்தால் வண்டிக்காரன் பாடு திண்டாட்டம்தான்.

சரி, வெள்ளிக்கிழமை நம் வாசலும் சும்மா கிடக்கலாமா என்று நானும் படியைக் கழுவி அரிசி மாவில் ஐந்து புள்ளிக் கோலம் ஒன்று போட்டேன். பாட்டியம்மா இடுப்பில் கை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "அழகா இருக்கு லவ். ஆனா நடுவுல போட்டிருக்கியே, மிதிப்பாங்களே. ஓரத்துல போடணும்" என்றார். மிதித்தால் பரவாயில்லை, எறும்பு தின்னட்டும் என்றுதான் மாவில் போடுகிறோம் என்று நான் சொன்னதை அவர் நம்பினாரா தெரியாது. லங்காஷயர் மழையில் அது மதியம்வரை தாங்கவில்லை.

இனி வேட்டி விஷயம். அதற்காகத்தான் இவ்வளவு நீட்டிக்கொண்டு வருகிறேன்.

திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள். பின்பக்கச் சந்தில் குறுக்கே கயிறு கட்டி எல்லார் வீட்டுத் துணியும் ஆடும். ஒரு திங்கட்கிழமை என் கணவரின் நாலு முழ வேட்டியைக் காயப்போட்டிருந்தேன். பாட்டியம்மா வந்து நின்றார். துணியைத் தொட்டார். கரையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நெருடினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஓர இழைகளை நகத்தால் லேசாகப் பிரித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "தூத்தி!" என்றார்.

பிளாக்பர்ன், டார்வென் வட்டாரத்துத் தறிகளில் நம் நாட்டுக்கு வேட்டி நெய்வதே பெரிய தொழிலாக இருந்தது. 'தூத்தி' என்பது மில்லில் புழங்கிய சொல். பாட்டியம்மா நாலு தறி பார்த்தவர். நாலிலும் தூத்திதான் ஓடுமாம். கல்கத்தாவுக்குக் கப்பலேறும் என்பது தெரியும். அதை யார், எப்படிக் கட்டுவார்கள் என்பது அவருக்குத் தெரியாது, பார்த்ததே இல்லை. அன்று சாயங்காலம் என் கணவரை நடுக்கூடத்தில் நிறுத்திக் கட்டிக்காட்டச் சொன்னேன். அவர் பேன்ட்டுக்கு மேலேயே சுற்றிக் காட்டினார், டாக்டர் கௌரவம் அவ்வளவுதான் விட்டுக்கொடுத்தது. பாட்டியம்மா, "இவ்வளவுதானா? தையலே கிடையாதா?" என்று இரண்டு தரம் கேட்டார். அப்புறம், "இதுக்குக் கஞ்சி மட்டுமா, களிமண் போடலையா?" என்றார். எடை கூட்டிக் காட்ட, ஏற்றுமதித் துணியின் பாவு நூலுக்கு, அதாவது நீளவாட்டு நூலுக்கு, போடும் கஞ்சியில் சீனக் களிமண்ணைக் கலப்பார்களாம். முதல் துவைப்பில் களிமண் போய்விடும், துணி வலையாகிவிடும். நம் தாத்தாக்கள் சீமைத் துணியைப் பற்றிச் சொன்ன குறைக்கு 40 வருடம் கழித்து நெய்தவர் வாயாலேயே சாட்சி கிடைத்தது.

அவருக்கு முன்பற்கள் இரண்டு சின்ன வயதிலேயே கெட்டுவிட்டன. தறியில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாவில் புதுத் தார், அதாவது நூல் சுற்றிய குச்சி, போடும்போது, துளையில் வாயை வைத்து இழையை உறிஞ்சி வெளியே இழுக்கவேண்டும். ஒரு நாளைக்கு எத்தனையோ நூறு தடவை, பஞ்சுத் தூசியும் எண்ணெயும் சேர்த்து. இன்னொன்று, தறிச் சத்தத்தில் காது கேட்காது என்பதால் உதட்டை வைத்தே பேசிக்கொள்வார்கள். பாட்டியம்மாவும் எதிர்வீட்டுக் கிழவியும் தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, சத்தமே வராமல் வாயை அகல அகல அசைத்து ஊர் வம்பு முழுவதும் பேசி முடிப்பார்கள். நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். கல்யாண வீட்டில் கெட்டிமேளம் முழங்கும்போது கணவரிடம் 'மொய்க் கவர் எங்கே' என்று கேட்க இன்றைக்கும் உதவுகிறது.

காந்தி வந்தபோது பாட்டியம்மாவுக்கு 20 வயது. ஊரில் பாதித் தறி நின்றிருந்தது. வேலையில்லாமல் இருப்பதை அங்கே 'விளையாடுகிறோம்' என்பார்கள். அவர் அப்போது வாரத்தில் நாலு நாள் விளையாடிக்கொண்டிருந்தார். 1913ல் லங்காஷயரிலிருந்து இந்தியாவுக்கு ஏறத்தாழ 300 கோடி கஜம் துணி போனது. 1931ல் அந்த வியாபாரத்தில் பெரும்பகுதி போயே போய்விட்டது. நம் அந்நியத் துணிப் பகிஷ்காரம் ஒரு காரணம். நம் நாட்டு மில்களும், ஜப்பான் துணியும், இறக்குமதி வரியும் மற்றக் காரணங்கள். பசித்த வயிற்றுக்கு இந்தக் கணக்கு ஏறாது. பாட்டியம்மாவின் அப்பா, "அந்த ஆள் முகத்தில் முழிக்கமாட்டேன்" என்று வீட்டிலேயே இருந்துவிட்டாராம். அம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, பெண்களைக் கூட்டிக்கொண்டு போனாராம்.

வட்டமேஜை மாநாட்டுக்கு லண்டன் வந்திருந்த காந்தி, மில் நடத்திய ஒரு குடும்பம் அழைத்ததால் வந்தார். வெள்ளிக்கிழமை இரவு ரயிலில் வந்திறங்கி, ஸ்பிரிங் வேல் பகுதியின் கார்டன் வில்லேஜில் ஒரு சின்ன வீட்டில் தங்கினார். தொழிலாளர்களிடம் அவர் சமாதானமாகப் பொய் எதுவும் சொல்லவில்லை. உங்களில் 30 லட்சம் பேருக்கு வேலையில்லை, எங்களில் ஏறத்தாழ 30 கோடிப் பேருக்கு வருடத்தில் பாதி நாள் வேலையில்லை என்று சொன்னார். அதைக் கேட்டபிறகும் அந்தப் பெண்கள் ஆரவாரம் செய்தார்கள் என்பதுதான் அந்தப் படம்.

"நீங்க அந்தப் படத்துல இருக்கீங்களா?" என்று கேட்டேன். "டாரன்ல என் வயசுக் கிழவி எல்லாரும் இருக்கோம்னுதான் சொல்லுவோம் லவ். நான் இல்ல. நான் வேற மில்லு. ரோட்டோரமா நின்னு பார்த்தேன். கால்தான் ஞாபகம் இருக்கு. அந்தக் குளிர்ல வெறுங்கால், செருப்பு மட்டும்" என்றார். ஊரில் எல்லாரும் இரும்பு லாடம் அடித்த மரக்கட்டைச் செருப்பு போட்டிருந்த காலம் அது. காந்தி கட்டியிருந்த துணியைப் பார்க்கவில்லையா என்றேன். "பார்த்தேன். எங்க தூத்தி இல்ல. கரை சரியில்ல" என்றார்.

ஊரைப் பற்றி எழுத இன்னும் நிறைய இருக்கிறது. ஜூலையில் மில் விடுமுறை வாரத்தில் ஊரே பூட்டிக்கொண்டு பிளாக்பூல் கடற்கரைக்குப் போய்விடும். முதல் வருடம் நான் ஏதோ பந்த் என்று நினைத்து அரிசி வாங்கி வைத்தேன். முனைக்கடை உருளைக்கிழங்கு வறுவலை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிறார்கள் என்பது நாலு மாதம் ருசித்துத் தின்ற பிறகுதான் தெரிந்தது. மேட்டுப் புல்வெளியில் 1898ல் கட்டிய ஜூபிலி கோபுரம் இருக்கிறது. பேரன் பேத்திகளுக்குப் படம் காட்டினால் ராக்கெட் என்கிறார்கள். இந்தியா மில்லில் 1991ல் நூற்பு நின்றது. அப்பா வேலை பார்த்த கோவை மில்லும் இப்போது இல்லை, அந்த இடத்தில் அடுக்குமாடி.

நாங்கள் ஊர் திரும்பியபோது பாட்டியம்மாவுக்குப் புதிதாக ஒரு வேட்டி கொடுத்தேன். மறுநாளே சாப்பாட்டு மேஜையில் விரித்து, கரை வெளியே தெரியும்படி மடித்துவிட்டிருந்தார். அவர் எனக்கு உபயோகிக்காத கல் ஒன்று தந்தார். சிங்காநல்லூர் வீட்டுப் பூஜை அறை அலமாரியில் இருக்கிறது. புது வேலைக்காரப் பெண் ஒருத்தி கற்பூரக் கட்டி என்று எடுத்துவிட்டாள், நல்லவேளை பற்றவைக்கவில்லை.

அடுத்த முறை அந்தப் படத்தைப் போடும்போது 'டார்வென், லங்காஷயர், 26.9.1931' என்று போடுங்கள். இடம் போதவில்லை என்றால் லங்காஷயரை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
கோவை வாசகி,
சிங்காநல்லூர்