நனைந்தால் அறும் நூல்

கடலூர்

அன்புள்ள மங்கைக்கு,

உன் கடிதத்துக்கு இவ்வளவு காலம் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். வீட்டில் அனைவரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலிதான் குறைந்தபாடில்லை. பெரியவள் ஜவுளித் தொழில்நுட்பமே வேண்டும் என்று கேட்டு வாங்கிச் சேர்ந்துவிட்டாள். உன் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் குறிஞ்சிப்பாடிச் சின்ன மாமனார். பருத்தி நூலிலேயே தறி ஓட்டிப் பழகிய அவர், இம்முறை புடவைக்கென, மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் நூல் வாங்கியிருக்கிறார். சாயத்தில் தோய்த்த நூற்கற்றையை, அதாவது சிட்டத்தை, பிழிந்தபோது இழைகள் கொத்துக்கொத்தாக அறுந்துவிட்டன. விற்ற வியாபாரியோ, காய்ந்த நூல் கெட்டியாகத்தானே இருக்கிறது, பிழிந்த கைதான் முரடு என்று சொல்லிவிட்டார். வாழ்நாள் முழுவதும் சாயம் தோய்த்த கையை அப்படிச் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை.

அந்த நூலில் ஒரு முழம் எடுத்து, நடுவில் மட்டும் நாக்கில் தொட்டு நனைத்து, இரு முனையையும் பிடித்து இழுத்தேன். ஒவ்வொரு முறையும் நனைந்த இடத்திலேயே அறுந்தது. பருத்தி நூல் அப்படி அறுவதில்லை. நனைந்தால் அதன் வலிமை சற்றுக் கூடவே செய்யும். இரண்டும் செடிகொடிகளின் நார்ப்பொருளான செல்லுலோஸ்தானே என்று நீ கேட்பாய். பொருள் ஒன்றுதான், ஆனால் அடுக்கு வேறு. நான் சொல்ல வந்ததே அதுதான்.

விஸ்கோஸ் செய்ய மரக்கூழைக் காரத்தோடும் கார்பன் டைசல்ஃபைடோடும் வினைபுரியச் செய்து, காரத்தில் கரைத்து, நுண்துளைகள் வழியே அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சுகிறார்கள். இத்தனை படிகளைக் கடப்பதற்குள், பருத்தியில் ஆயிரக்கணக்கான கண்ணிகளுடன் இருக்கும் மூலக்கூறுச் சங்கிலி ஏறக்குறைய 300 கண்ணிகளாகக் குறுகிவிடுகிறது. அமிலம் பட்டதும் மேற்புறம் முதலில் தோலாக இறுகுகிறது. பின்னர் உள்ளிருப்பது சுருங்கும்போது தோல் மடிந்துபோகிறது. நுண்ணோக்கியில் விஸ்கோஸின் குறுக்குவெட்டு விளிம்பு பல்பல்லாகத் தெரிவது அதனால்தான். சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகங்களுக்குள் தண்ணீர் நுழையாது. ஒழுங்கற்ற பகுதிக்குள் புகுந்து, சங்கிலிகளைப் பிடித்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்திவிடும். விஸ்கோஸில் அப்பகுதியே பெரும்பங்கு என்பதால் சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன. காய்ந்த நிலையில் ஒரு டெக்ஸுக்கு (ஒரு கிலோமீட்டர் இழை எத்தனை கிராம் என்ற பருமன் அளவு) 20 முதல் 25 சென்டிநியூட்டன் இழுவிசை தாங்கும் இழை, நனைந்ததும் ஏறத்தாழப் பாதியைத்தான் தாங்குகிறது.

மரக்கூழிலிருந்தே செய்யும் இன்னோர் இழையான லயோசெல் இதற்கு நேர்மாறு. ரசாயன மாற்றம் எதுவும் இல்லாமல் செல்லுலோஸை அப்படியே ஒரு கரைப்பானில் கரைத்து, தண்ணீரில் இறங்கும் முன் காற்றிடைவெளியில் இழுத்து நீட்டுகிறார்கள். சங்கிலிகளும் நீளம், அவை இழையின் நீளவாட்டிலேயே படிந்தும் விடுகின்றன. வைக்கோலைக் குவியலாகப் போடுவதற்கும் பிரியாக முறுக்குவதற்கும் உள்ள வேறுபாடு அது. காய்ந்தால் 40, நனைந்தால் 34க்கு மேல் என்று வலிமை நிற்கிறது. இரண்டு இழையிலும் உள்ள படிகம் ஒரே வகை. சங்கிலியின் நீளமும் நீளவாட்டு ஒழுங்கும்தான் இவ்வளவையும் செய்கின்றன.

அந்த ஒழுங்குக்கும் விலை உண்டு. குறுக்கே பிடிப்புக் குறைவு என்பதால் ஈரத்தில் உரசினால் லயோசெல் நுண்ணிழைகளாகப் பிரிந்து, துணியின் மேல் பூஞ்சை படர்ந்தாற்போல் மயிர் எழும்பும். நீட்சியும் விஸ்கோஸைவிடக் குறைவு. ஆகவே லயோசெல் உயர்வு, விஸ்கோஸ் தாழ்வு என்று நான் சொல்ல மாட்டேன். குழைந்து விழும் புடவைக்கு விஸ்கோஸே அழகு.

ஆனால் காய்ந்த வலிமையை மட்டும் காட்டி நூல் விற்பது அநியாயம், மங்கை. சாயத்தொட்டி, கஞ்சி, துவைகல் என்று நம் தொழிலில் நூல் பாதி நாள் ஈரத்தில்தான் கிடக்கிறது. பொட்டணத்தின் மேல் ஈர வலிமையையும் ஒரு வரியில் அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? நூலும் பழுதன்று, பிழிந்த கையும் முரடன்று என்று சின்ன மாமனாரிடம் விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், ஆனால் மனம் ஆறவில்லை.

உன்னால் ஓர் உதவி ஆக வேண்டும். உங்கள் பரிசோதனைக்கூடத்தில் விஸ்கோஸ், அதன் வலுக்கூட்டிய வகையான மோடல், லயோசெல் மூன்றிலும் ஒரே பருமன் எண் கொண்ட நூலாகப் பார்த்து, ஈரத்திலும் உலர்விலும் இழுத்துப் பார்த்து எழுது. மாதிரிச் சிட்டங்களையும் சேர்த்து அனுப்பு. அடுத்த முறை நூல் வாங்கும்போது அவர் அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டே போகட்டும்.

அன்புடன்,
உன் செல்வி