தலைகீழாக நிற்கும் எழுத்து

குருமண்வெளி,
தை 20.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் நோவு குறைந்துவிட்டது என்று வாசித்த பிறகுதான் மனம் ஆறியது. இங்கே எல்லோரும் சுகம். மாரி மழை இந்த முறை பிந்தித்தான் ஓய்ந்தது. மேட்டு வட்டைகளில் வேளாமை வெட்டுத் தொடங்கிவிட்டது. பள்ளத்தில் உள்ளவர்கள் தண்ணீர் வடியட்டும் என்று பார்த்திருக்கிறார்கள்.

பென்சன் எடுத்த பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். பின்னேரங்களில் விறாந்தையில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு இங்கிலிஸ் சொல்லிக்கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை. அதில் ஒரு பொடியன் மண்டூரிலிருந்து பாதையில் (நம் மிதவைப் படகில்) ஏறி வாவியைக் கடந்து வருகிறான். ஓ.எல். சோதனை எடுக்க இன்னும் ஒரு வருசம் இருக்கிறது. போன கிழமை தாயின் போனில் டிக்சனரியைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். “சேர், இந்த ஈ எழுத்து ஏன் தலைகீழா நிக்குது?”

எனக்கு உடனே நம்முடைய விடுதி அறைதான் ஞாபகம் வந்தது. இருவருக்கும் பொதுவாக ஒரே ஒரு டிக்சனரி. சொல்லைத் தேடுவோம், கருத்தைப் பென்சிலால் கோடிடுவோம். சொல்லுக்கும் கருத்துக்கும் நடுவே இரண்டு சாய்கோடுகளுக்குள் கிடந்த அந்த விசித்திர எழுத்துகளை ஒரு நாளாவது பார்த்தோமா? சொல்லை எப்படி உச்சரிப்பது என்று காட்டும் குறிகள் அவை. அச்சுக்காரருக்கான ஏதோ கணக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பிறகு ஆசிரியர் கலாசாலையில் நடந்தது உனக்குத் தெரியாது. இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. ‘தீர்மானி’ என்று பொருள்படும் சொல்லை வகுப்பின் முன்னால் ‘டிற்றமைன்’ என்று வாசித்துவிட்டேன். விரிவுரையாளர் சிரித்தார், வகுப்பும் சேர்ந்து சிரித்தது. ‘டிற்றேமின்’ என்று ஒரு தரம் சொல்லித் திருத்தியிருந்தால் போதும், அதை அவர் செய்யவில்லை. அதன் பிறகு புதுச் சொல் ஒன்றை வாய் திறந்து சொல்ல எனக்குப் பல வருசம் பயம். நம் வீட்டில் இங்கிலிஸ் பேசியவர் யார், போய்க் கேட்பதற்கு? விடையோ என் கட்டிலின் கீழே, அந்தச் சாய்கோடுகளுக்குள் கிடந்திருக்கிறது. நாற்பது வயது தாண்டித்தான் டிக்சனரியின் முன்பக்க அட்டவணையை வைத்து ஒவ்வொரு குறியாக நானே படித்தேன்.

இந்தக் குறிகளை உண்டாக்கியவர்களும் நம்மைப் போன்ற வாத்திமார்தான், மச்சான். 1886இல் பாரிசில் போல் பாசி என்பவரின் முயற்சியால் மொழி படிப்பிக்கும் ஆசிரியர்கள் சிலர் ஒரு சங்கமாகக் கூடினார்கள். பிள்ளைகளுக்கு வேற்றுமொழி உச்சரிப்பைச் சுலபமாகப் பழக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். 1888இல் முதல் அட்டவணை வந்தது. ஓர் ஒலிக்கு ஒரு குறி, ஒரு குறிக்கு ஓர் ஒலி. பிறகு 1917இல் டானியல் ஜோன்ஸ் என்ற ஒலியியலாளர் இங்கிலிஸ் உச்சரிப்புக்கென்றே ஓர் அகராதி வெளியிட்டார். அகராதிகளில் இன்று நாம் காணும் குறிகள் அந்த வழியில் வந்தவை. இங்கிலிஸில் உயிரெழுத்து ஐந்துதான். ஆனால் பிரித்தானிய உச்சரிப்பில் உயிரொலி இருபது. அந்த ஐந்தை மட்டும் பார்த்து இருபதை ஊகிக்கச் சொல்லித்தான் நம் பிள்ளைகளை இத்தனை காலம் விட்டிருக்கிறோம்.

பொடியனிடம் வாழைப்பழத்துக்கான இங்கிலிஸ் சொல்லைத் தேடச் சொன்னேன். அதில் ‘ஏ’ எழுத்து மூன்று தரம் வருகிறது. “மூன்றும் ஒரே எழுத்து. சாய்கோட்டுக்குள்ளும் ஒரே குறியா?” என்று கேட்டேன். போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தான். நடுவில் மட்டும் நெடில். பக்கத்தில் இரண்டு புள்ளி. முதலிலும் கடைசியிலும் அந்தத் தலைகீழ் எழுத்து. இரண்டாம் அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்ன நிமிர்கோடு. பலத்தை எல்லாம் அந்த அசையில் போடு, மற்ற இரண்டையும் வாயைச் சோம்பலாக வைத்து விட்டுவிடு என்றேன். இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தான். சரியாக வந்ததும் தானே கண்டுகொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான் பார், அந்தப் பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

அந்தத் தலைகீழ் எழுத்தின் பெயர் ஷ்வா. இங்கிலிஸில் ஆக அதிகம் வரும் உயிரொலி அதுதான், ஆனால் அதற்கென்று நெடுங்கணக்கில் ஓர் எழுத்துக் கிடையாது. இதை விளக்க எனக்குக் கைகொடுத்தது நம் குற்றியலுகரம். ‘நாக்கு’, ‘காசு’ என்று சொல்லும்போது கடைசி உகரம் இதழ் குவியாமல் பாதியில் அடங்கிவிடுகிறது அல்லவா? ஒலி வேறு, ஆனால் உயிர் தன் பலத்தை விட்டுக் குறுகும் அந்தச் சங்கதியைத் தமிழ் இலக்கணப் பாடத்தில் பிள்ளைகள் ஏற்கனவே படித்திருக்கிறார்கள். சொன்னவுடன் பிடித்துக்கொண்டார்கள்.

பஸ் ஸ்ராண்டில் விற்கும் சின்னப் புத்தகங்கள் இங்கிலிஸ் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதித் தருகின்றன. அதை மட்டும் நம்பிப் படிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பனிக்கட்டிக்கும் ‘ஐஸ்’, கண்களுக்கும் ‘ஐஸ்’ என்றால் பிள்ளை என்ன செய்யும்? தொண்டையில் விரலை வைத்து இரண்டையும் சொல்லச் சொன்னேன். கண்களைச் சொல்லும்போது முடிவில் வண்டு ரீங்கரிப்பதுபோல் அதிரும், மற்றதில் வெறும் காற்று. மண்டூர்ப் பொடியன் திரும்பிப் போகும்போது பாதையிலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டே போனானாம், “என்ன மனே, தொண்டை நோவா?” என்று பாதைக்காரர் கேட்டாராம். ஒலி பிறக்கும் இடங்களைத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று தொல்காப்பியம் எட்டாகச் சொல்லியிருக்கிறது. மிடற்றில் விரல் வைத்துப் படிப்பது நமக்கு அந்நியமான காரியமே இல்லை.

இன்னொன்று. உன் பக்கத்து வீட்டுச் சென்னைக்காரர் நாம் எழுதும் ‘ரெலிபோன்’ என்பதை ரகரமாகவே வாசித்தார் என்று ஒருமுறை எழுதியிருந்தாய். நாம் ‘வெற்றி’ என்று சொல்லும்போது நாக்கு நுனி தொடும் இடமும் இங்கிலிஸ் சொல்லின் முதல் ஒலி பிறக்கும் இடமும் ஒன்றுதான். அதனால்தான் நம் பெரியவர்கள் ‘ரீச்சர்’ என்றும் ‘மார்க்கற்’ என்றும் எழுதினார்கள். அந்த வாத்திமார் சங்கத்தின் அட்டவணையிலும் இது தெளிவாகத் தெரிகிறது. நம் ‘வெற்றி’யில் வருவதற்கு, ‘ரீச்சர்’ தொடங்கும் அந்த இங்கிலிஸ் ‘ரீ’ எழுத்து மட்டும், தகரத்துக்கு அதே எழுத்தின் கீழே பல் போல ஒரு சின்ன அடையாளம், டகரத்துக்கு அதே எழுத்தின் கால் வலப்பக்கம் வளைந்திருக்கும். நம் ழகரத்துக்கும் அங்கே இடம் உண்டு: தலைகீழான ‘ஆர்’, அதற்கொரு வால். அதைக் காட்டியபோது பிள்ளைகள் எல்லோரும் கொப்பியில் வரைந்துகொண்டார்கள்.

இவர்கள் லண்டன்காரர் போலப் பேச வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. நம் வாய்க்கு ஒரு வாடை இருக்கிறது, அது இருக்கட்டும். கேட்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளை, எவர் சிரிப்புக்கும் பயப்படாமல், ஒரு சொல்லைத் தானே சரியாகச் சொல்லிப் பழக வேண்டும். அது மட்டும் எனக்குப் போதும்.

நம்முடைய அந்த டிக்சனரி உன்னிடம்தானே இருக்கிறது? ஆடி மாதம் வருவதாக எழுதியிருக்கிறாய், பெட்டியில் இடமிருந்தால் அதையும் கொண்டு வா. அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, நான் ஒட்டிக்கொள்கிறேன். போன் இல்லாத பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லு.

உன் அன்பு மச்சான்.