மகளுக்கு: எல்க் வேட்டைக்கான தோட்டா பற்றி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. வேட்டைப் பரீட்சையில் நீ சித்தியடைந்ததும், நோர்வேயின் ட்ரைசில் பக்கத்து வேட்டைக் குழுவொன்று உன்னையும் சேர்த்துக்கொண்டதும் அம்மாவுக்கும் எனக்கும் மிகுந்த மகிழ்ச்சி. செப்டம்பர் 25 ஆம் திகதி எல்க் என்ற பெரிய காட்டுமானின் வேட்டை தொடங்குவதற்கு முன் துவக்கு வாங்க வேண்டும் என்றும், வேலையிடத்தில் எல்லோரும் .300 வின்செஸ்டர் மக்னம் என்ற தோட்டாவுக்கான துவக்கையே வாங்கச் சொல்கிறார்கள் என்றும், அதன் வேகமே அவர்கள் சொல்லும் காரணம் என்றும் எழுதியிருந்தாய். வேகம் அவ்வளவு முக்கியமா என்ற உன் கேள்விக்குத் தொலைபேசியில் ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓர் உயிரை வதைக்காமல் வீழ்த்துவது பற்றிய கேள்வி அது.

முதலில் சட்டத்தைப் பார். எல்க் போன்ற பெரிய விலங்குகளைச் சுடும் சன்னம், அதாவது தோட்டாவிலிருந்து பறந்துபோகும் உலோகத் துண்டு, 9 கிராமுக்குக் குறையக் கூடாது. உடலுக்குள் விரியக்கூடியதாகவும் இருக்க வேண்டும். 9 முதல் 10 கிராம் வரை எடையுள்ள சன்னத்துக்கு 100 மீட்டரில் ஏறத்தாழ 2,700 ஜூல் ஆற்றல் இருக்க வேண்டும். 10 கிராமுக்கு மேல் என்றால் ஏறத்தாழ 2,200 ஜூல் போதும். எடை கூடினால் ஆற்றலில் சலுகை தரும் இந்தச் சட்டம், வேகத்துக்கென்று தனியாக எந்த எல்லையும் வகுக்கவில்லை. நொடிக்கு 930 மீட்டர் அளவில் பறக்கும் .270 வின்செஸ்டரின் 8.4 கிராம் சன்னம், எடை 9 கிராமை எட்டாததால்தான் எல்க் வேட்டைக்கு ஆகாது.

ஆற்றல் என்பது எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவது. ஆகவே தாளில் வேகம்தான் வெல்லும். ஆனால் இரண்டு தோட்டாக்களை அருகருகே வைத்துப் பார். உன் நண்பர்கள் சொல்லும் .300 மக்னம், 1963 இல் வந்தது, 11.7 கிராம் சன்னத்தை நொடிக்குச் சுமார் 900 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. ஓட்டோ பொக் என்ற ஜெர்மானியர் 1905 இல் உருவாக்கிய 9.3×62 தோட்டா, 18.5 கிராம் சன்னத்தைச் சுமார் 720 மீட்டர் வேகத்தில்தான் அனுப்புகிறது. குழல்வாயில் இரண்டின் ஆற்றலும் 4,700, 4,800 ஜூல் என்று ஏறக்குறைய ஒன்றே. இங்குள்ள பழைய வேட்டைக்காரர்கள் பலர் எல்க்குக்கு அந்த மெதுவான 9.3 ஐத்தான் இன்றும் எடுத்துப் போகிறார்கள்.

நான் வைத்திருப்பது அவை இரண்டையும்விடச் சிறியது. நோர்வேயும் சுவீடனும் ஒரே முடியின் கீழ் இருந்த காலத்தில் இரு நாடுகளுக்கும் பொதுவாக வகுத்த 6.5×55 அது, 10.1 கிராம் சன்னம், நொடிக்குச் சுமார் 780 மீட்டர். எல்க்கைச் சாய்ப்பது அந்த எண்களல்ல, பிள்ளை. சன்னம் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் புகுந்து, விரிந்து, உடையாமல் இரண்டு நுரையீரல்களையும் கடக்க வேண்டும். இப்படிக் கடந்து, எதிர்ப்பக்கத் தோலுக்கடியில் நின்றுவிட்ட சன்னங்களை உரிக்கும்போது எடுத்துப் பார்த்திருக்கிறேன். முன்பாதி காளான்போல் மடிந்து விரிந்திருக்கும், பின்பாதி முழுதாக இருக்கும்.

மென்மையான ஈயச் சன்னத்தை மக்னத்தில் இட்டு நாற்பது, ஐம்பது மீட்டரில் சுட்டால் நடப்பது வேறு. தோள் எலும்பில் பட்டதும் சன்னம் உடைந்து சிதறும். அந்தப் பக்கத்துத் தோலைக் கத்தியால் விலக்கினால், சதை இரத்தம் கட்டிக் கறுத்துக் கூழாகக் கிடக்கும். கிலோக்கணக்கில் இறைச்சியை வெட்டி எறிய நேரும். உள்ளே உறுப்பைச் சேராமல் போனால் காயப்பட்ட விலங்கு காட்டுக்குள் ஓடிவிடும், அதுதான் பெருங்கொடுமை. ஜோன் நொஸ்லர் என்ற அமெரிக்கர் 1946 இல் கனடாவில் ஒரு எல்க்கைச் சுட்டபோது, அதிவேகத் தோட்டாவின் சன்னங்கள் சேறு படிந்த அதன் உடலில் ஆழ்ந்து இறங்கவில்லை. அதன் பிறகே சன்னத்தின் நடுவில் குறுக்குச் சுவர் வைத்த புது வடிவத்தை அவர் செய்தார். குறை சன்னத்தில் இருந்தது. அவர் திருத்தியதும் சன்னத்தைத்தான்.

வேகம் உதவும் இடங்களும் உண்டு. ஹர்டாங்கர் மேட்டுநிலத்தில் காட்டுக் கலைமானைச் சுடுவோருக்கு மறைவிடம் குறைவு. தூரம் கூடும், காற்றும் தள்ளும். 100 மீட்டருக்குச் சரிபார்த்த துவக்கால் 200 மீட்டரில் சுட்டால், என் 6.5 இன் சன்னம் மக்னத்தைவிடச் சில சென்டிமீட்டர் கூடுதலாக இறங்கும். உன் பக்கத்துப் பைன் காட்டிலோ பெரும்பாலான வெடிகள் 100 மீட்டருக்குள்தான். அந்தத் தூரத்தில் இந்த வேறுபாடு ஒரு பொருட்டல்ல.

செப்புச் சன்னத்துக்கும் வேகம் வேண்டும். ஈயத்தைவிடக் கடினமானது என்பதால், படும் கணத்தில் நொடிக்கு 600 மீட்டர் அளவாவது இல்லாவிட்டால் அது சரிவர விரியாது. ஈயத் துகள்கள் இறைச்சிக்குள் சிதறுவதை நான் விரும்பவில்லை, நீயும் செப்பையே பயன்படுத்த வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் செப்பு எடை குறைந்தது, 6.5 மில்லிமீட்டருக்கு வரும் செப்புச் சன்னங்களில் பல 9 கிராமை எட்டுவதில்லை. ஆகவே நீ .308 வின்செஸ்டர் வாங்கு. 10.7 கிராம் செப்புச் சன்னம் அதில் நொடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்தில் போகும். எல்க்குக்கும் சட்டத்துக்கும் அது தாராளம்.

.300 மக்னத்தின் உதைப்பு 6.5×55 இன் உதைப்பைப்போல் இரு மடங்கு. முதல் துவக்கிலேயே தோள் அடி வாங்கினால், விசையை இழுக்கும் கணத்தில் கண் தானாக மூடிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தைப் பின்பு விடுவது கடினம். ஆண்டுதோறும் 30 பயிற்சி வெடிகளுக்குப் பின் 100 மீட்டரில் ஐந்து வெடிகளும் வட்டத்துக்குள் பட வேண்டும் என்ற சுடும் பரீட்சைக்கு நீ இனிமேல்தான் போகப் போகிறாய். மக்னம் வாங்காமல் மிச்சமாகும் பணத்துக்குத் தோட்டா வாங்கி, அந்த முப்பதோடு நில்லாமல் தொடர்ந்து சுட்டுப் பழகு.

கடைக்குப் போனதும் தோட்டாப் பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்ட எடையையும், 100 மீட்டருக்குரிய ஆற்றலையும் படமெடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு வாங்கலாம். காயப்பட்டு ஓடிய விலங்கைத் தேடப் பயிற்றிய நாய் குழுவில் யாரிடம் உள்ளது என்பதையும் கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா