அடைப்புக்குறி விட்டுப்போனால்

ஆசிரியர் அவர்களுக்கு,

முப்பது வருடம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். போன வாரம் என் பேத்தி, நீற்றுச் சுண்ணாம்பின் வேதி வாய்பாட்டில் மொத்தம் நான்கு அணு என்று எழுதியிருந்தாள். அவளுடைய வேதியியல் கையேட்டை வாங்கிப் பார்த்தேன். Ca(OH)₂ என்று இருக்கவேண்டியது CaOH₂ என்று இருந்தது. ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்துப் போடவேண்டிய அடைப்புக்குறி அச்சில் விட்டுப்போயிருந்தது. அந்தக் குறிக்கு வெளியே, கீழே நிற்கும் 2, உள்ளே இருக்கும் இரண்டையும் பெருக்கும். ஆக, கால்சியம் 1, ஆக்சிஜன் 2, ஹைட்ரஜன் 2, மொத்தம் ஐந்து. குழந்தை மேல் என்ன தப்பு? அச்சில் இருந்ததைச் சரியாகத்தான் எண்ணியிருக்கிறாள்.

அப்புறம் அம்மோனியம் சல்பேட்டில், அதாவது (NH₄)₂SO₄-இல், உள்ள அணுக்களைப் புளியங்கொட்டை வைத்து எண்ணச் சொன்னேன். நைட்ரஜனுக்கு ஒன்று, ஹைட்ரஜனுக்கு நான்கு என ஒரு குவியல், அதேபோல இன்னொன்று. கந்தகத்துக்கு ஒரு கொட்டை, ஆக்சிஜனுக்கு நான்கு. பதினைந்து வந்ததும் அவள் முகத்தைப் பார்க்கணுமே!

வேதிச் சமன்பாட்டின் இரு பக்கமும் அணுக்களைச் சமப்படுத்துவதற்கே இந்த எண்ணிக்கைதான் அடிப்படை. கையேடு போடுகிறவர்கள் வேதி வாய்பாடுகளை மட்டுமாவது ஒரு வேதியியல் ஆசிரியரிடம் காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோவில்பட்டி