படையெடுத்து வந்தவன்

சிகாகோ

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

"ஊரைப் பற்றிப் படிக்க என்னடா இருக்கிறது?" என்று போனில் கேட்டீர்கள். அப்போது மழுப்பிவிட்டேன்.

இங்கே எங்கள் சமூகவியல் துறைக்கு மூலவர் ராபர்ட் பார்க். 1887-இல் பட்டம் வாங்கிவிட்டுப் பத்து வருடத்துக்கு மேல் பத்திரிகை நிருபராகத் தெருத்தெருவாக அலைந்தவர். அப்புறம் ஜெர்மனியில் டாக்டர் பட்டம், கறுப்பினத் தலைவர் புக்கர் வாஷிங்டனிடம் சில வருடம் வேலை. சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது வயது ஐம்பது. மாணவர்களை நூலகத்திலிருந்து தெருவுக்குத் துரத்தினார். நாடோடித் தொழிலாளிகள், நடனக் கூடங்கள் என்று அவர்களும் போய்ப் பார்த்து எழுதினார்கள். கூட வேலை பார்த்த பர்ஜஸ், நகரத்தை வட்டத்துக்குள் வட்டமாக வரைந்தார். புதிதாக வந்தவர்கள் நடுவுக்குப் பக்கத்தில், காசு சேரச் சேர வெளிவட்டத்துக்கு. (பாதி வட்டம் மிச்சிகன் ஏரிக்குள் விழுகிறது, அது வேறு கதை.)

ஞாயிற்றுக்கிழமை டெவான் அவென்யூவுக்குப் போனேன். ஒரு முனையில் பழுப்புப் பலகையில் காந்தி பெயர். அதே தெருவில் இன்னும் தள்ளிப் போனால் இஸ்ரேல் பிரதமராக இருந்த கோல்டா மேயர் பெயர், ஜின்னா பெயர். யூதர்கள் கடை வைத்திருந்த தெருவில் பிறகு நம் ஆட்கள் வந்தார்கள். இதற்குப் பார்க்கின் ஆட்கள் வைத்த பெயர் 'படையெடுப்பு'. செடி கொடி ஆராய்ச்சியில் எடுத்த சொல்: புல் இருந்த இடத்தில் புதர், புதர் இருந்த இடத்தில் மரம். படையெடுத்து வந்தவன் கையில் ஒரு கிலோ துவரம்பருப்போடு நின்றேன்.

ஆனால் செடிக்கு யாரும் பத்திரம் எழுதுவதில்லையே. கறுப்பர்களுக்கு இந்த வீட்டை விற்கக் கூடாது என்று இதே சிகாகோவில் பத்திரத்திலேயே எழுதிவைத்தார்கள். அதை எந்த நீதிமன்றமும் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1948-இல்தான். அப்படி அடைத்துவைத்த இடத்தையும் சேர்த்து 'இயற்கைப் பகுதி', அதாவது யாரும் திட்டமிடாமல் தானாக உருவானது, என்று பார்க் பெயர் வைத்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அவ்வளவு நடந்தவர்!

ஒன்றில் மட்டும் நான் முழுக்க அவர் பக்கம். குடியேறியவர்கள் நடத்திய தாய்மொழிப் பத்திரிகைகளைப் பற்றி 1922-இல் ஒரு புத்தகம் போட்டார். முதல் உலகப்போர் முடிந்து, அந்நிய மொழிப் பத்திரிகை என்றாலே இங்கே சந்தேகமாகப் பார்த்த நேரம். புது ஊரைப் புரிந்துகொள்ளவே அந்தப் பத்திரிகைகள் உதவுகின்றன என்பது அவர் கணிப்பு. "இன்னும் தமிழ்ப் பத்திரிகையே படித்தால் அங்கே எப்படிக் காலூன்றுவாய்?" என்றீர்களே, அதற்குப் பதில் இதுதான்.

எனவே பழைய இதழ்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அம்மா அனுப்பும் பார்சலில் பொடி டப்பாக்களைச் சுற்றியாவது வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்