கேபிளுக்கு யார் சாட்சி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கூடங்குளம் அணுமின் நிலையம் பற்றி நம் நாளிதழ்களில் எழுதப்படும்போதெல்லாம் நிலநடுக்கம், சுனாமி, எரிந்து முடிந்த எரிபொருளை எங்கே வைப்பது ஆகிய மூன்றும் தவறாமல் பேசப்படுகின்றன. பேசப்பட வேண்டியவைதான். ஆனால், முப்பது ஆண்டுகளுக்கு மேல் மின் பொறியாளராகக் கேபிளோடும் டெர்மினலோடும் காலம் கழித்த எனக்கு அந்த மூன்றிலும் சேராத ஒரு சங்கதி உறுத்திக்கொண்டே இருக்கிறது. அணுஉலையைச் சுற்றியுள்ள கான்கிரீட் கவசக் கட்டடத்துக்குள் செல்லும் கேபிள்கள், அவற்றின் இணைப்புகள், வால்வுகளை இயக்கும் மோட்டார்கள், அழுத்தத்தையும் நீர்மட்டத்தையும் அளந்து கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவிக்கும் டிரான்ஸ்மிட்டர்கள் ஆகியவை விபத்து நேரத்தில் வேலை செய்யும் என்பதற்கு என்ன ஆதாரம், அந்த ஆதாரத்தைச் சோதித்தவர் யார் என்பதுதான் அது.

கிணற்று மோட்டார் நன்றாக இருக்கிறதா என்று அறிய ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினால் போதும். ஓடினால் நல்ல மோட்டார். ஓடாமல் உறுமினால் ஆளைக் கூப்பிட வேண்டும். அணுமின் நிலையத்தின் பாதுகாப்புச் சாதனங்களை இப்படி முழுமையாக அறிய வழியில்லை. உலைக்குக் குளிர்ச்சி தரும் பெரிய குழாய் உடைந்தால், உயர் அழுத்தத்தில் இருந்த சுடுநீர் நொடிகளில் ஆவியாகிக் கவசக் கட்டடத்தை நிரப்பும். உள்ளே வெப்பநிலை 150 பாகை செல்சியஸ் அளவுக்கோ அதற்கு மேலோ ஏறும்; கதிர்வீச்சு பன்மடங்காகும்; ஆவியைத் தணிப்பதற்காக மேலிருந்து தெளிக்கப்படும், போரான் (அணுப்பிளவை அடக்கும் தனிமம்) கலந்த நீரும் சாதனங்களின் மேல் விழும். அந்த நிலையில் ஒரு வால்வு திறந்தாக வேண்டும், ஓர் அளவி உண்மையான அளவைக் காட்டியாக வேண்டும். நிலையம் நாற்பது ஆண்டுகள் தடையின்றி மின்சாரம் தந்திருக்கலாம். அந்த நாற்பது ஆண்டுகளில் அந்தக் கேபிள் ஒருமுறைகூட அப்படிப்பட்ட ஆவியில் நின்றிருக்காது. ஆகவே “இத்தனை காலம் நன்றாகத்தானே ஓடுகிறது” என்னும் வாதம் இந்த ஒரு விஷயத்தில் செல்லாது.

இதற்காகத்தான் தகுதிச் சோதனை என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள். கேபிளின் மாதிரித் துண்டை முதலில் சூட்டடுப்பில் வாரக்கணக்கில் வைத்து, செயற்கையாக முதுமை அடையச் செய்வார்கள். வெப்பநிலை பத்துப் பாகை கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்று எங்கள் துறையில் ஒரு வாய்பாடு உண்டு. அதன் நுணுக்கமான வடிவத்தைக் கொண்டுதான் நாற்பது ஆண்டு முதுமையைச் சில வாரங்களுக்குள் அடக்குகிறார்கள். பிறகு, ஆயுள் முழுவதும் வாங்கக்கூடிய கதிர்வீச்சையும் விபத்தில் வாங்கக்கூடிய கதிர்வீச்சையும் சேர்த்துக் காமாக் கதிர்களாகக் கொடுப்பார்கள். அதற்குப் பின்னரே, மின்னோட்டம் செல்லும் நிலையில் அதை ஆவி அறைக்குள் வைப்பார்கள். இந்த வரிசை முக்கியமானது. புதுக் கேபிள் ஆவியைத் தாங்கியது என்று எழுதித் தந்தால் அதற்கு மதிப்பில்லை. விபத்து வரும் நாளில் அங்கே இருக்கப்போவது பழைய கேபிள். அமெரிக்காவில் 1974-இல் வந்த கேபிள் தரநிலை, இத்தனையும் முடிந்த பிறகு அந்தத் துண்டை அதன் விட்டத்தைப் போல் 40 மடங்கு விட்டமுள்ள உருளையில் சுற்றி, நீரில் மூழ்கவைத்து, உயர் மின்னழுத்தத்தை 5 நிமிடம் தாங்குகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. முதிர்ந்து விறைத்துப்போன இன்சுலேஷன் வளைக்கும்போதுதான் விரிசல் விடும்.

ஒன்று கெட்டாலும் மற்றொன்று இருக்கிறதே, பாதுகாப்பு அமைப்புகள் இரண்டு மூன்று தனித்தனியாக உள்ளனவே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மூன்றிலும் ஒரே ஆலையில் செய்த ஒரே ரகக் கேபிள் இருந்து, அந்த ரகம் ஆவியைத் தாங்காது என்றால், மூன்றும் ஒரே வேளையில் போய்விடும். தற்செயலாகப் பழுதாகும் சாதனத்துக்குத்தான் மாற்றுச் சாதனம் காவலாக நிற்கும்.

இது கற்பனை அச்சம் அல்ல என்பதைத் தென் கொரியா காட்டியது. 2013 மே 28 அன்று அந்நாட்டின் அணுப் பாதுகாப்பு ஆணையம், ஷின்-கோரி, ஷின்-வோல்சோங் ஆகிய இரு இடங்களில் உள்ள 4 உலைகளில் பாதுகாப்புக்கான கட்டுப்பாட்டுக் கேபிள்களின் சோதனைச் சான்றுகள் பொய்யாகத் தயாரிக்கப்பட்டவை என்று அறிவித்தது. ஓடிக்கொண்டிருந்த உலைகளை நிறுத்தினார்கள். நிறுத்தத்தில் இருந்தவற்றைத் தொடங்க விடவில்லை. விபத்துச் சூழலுக்கான சோதனையில் தேறாத கேபிளுக்குத் தேறியதாகத் தாள் கொடுக்கப்பட்டிருந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவற்றுள் மூன்று உலைகள் அந்தக் கேபிள்களோடுதான் அதுவரை மின்சாரம் தந்துகொண்டிருந்தன. ஒரு குறையும் வெளியே தெரியவில்லை. வழக்கமான ஆய்வு எதிலும் அது அகப்படவுமில்லை. பெயர் சொல்லாத ஒருவர் கொடுத்த தகவலால்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஆண்டுக் கோடையில் மின்பற்றாக்குறை ஏற்பட்டு, அரசு அலுவலகங்களில் குளிர்சாதனங்களை அணைக்கச் சொன்னார்கள். கேபிள்களை மாற்றிய பிறகு 2014 ஜனவரியில்தான் அந்த மூன்று உலைகளும் மீண்டும் தொடங்க அனுமதி கிடைத்தது. கட்டுமானத்தில் இருந்த ஷின்-கோரி 3, 4 உலைகளிலும் போட்ட கேபிள்களை உருவி எடுத்துப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. மூன்றாவது உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2016 டிசம்பரில். அணுமின் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் உட்பட ஏறத்தாழ நூறு பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது.

கொரியர்கள் தொழில்நுட்பத்தில் நம்மைவிடக் குறைந்தவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தாளை நம்பியதுதான் அங்கே நடந்த தவறு, அது எங்கும் நடக்கக்கூடியதே. நான் பணியாற்றிய ஓர் ஆலையில் (அது அணு சம்பந்தப்பட்டதல்ல, பெயரும் வேண்டாம்) சோதனைச் சான்றில் இருந்த டிரம் (கேபிளைச் சுற்றி அனுப்பும் உருளை) எண்ணும், களத்தில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த கேபிளின் டிரம் எண்ணும் ஒத்துப்போகவில்லை. கேட்டபோது, “அதே கம்பெனி, அதே சைஸ், அப்புறம் என்ன சார்?” என்றார் பண்டகக் காப்பாளர். அவர் கெட்டவர் அல்லர். சான்று என்பது கோப்பில் வைப்பதற்கான தாள் என்று அவருக்குப் பழகியிருந்தது. சொல்லப்போனால், எங்களில் பலருக்கும் அப்படித்தான் பழகியிருந்தது.

தாள் உண்மையாகவே இருந்தாலும் ஆய்வு அதோடு முடிவதில்லை. சோதனைக்கூடத்தில் வைத்த பெட்டியும் களத்தில் பொருத்திய பெட்டியும் ஒன்றாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1983-இல் மின்சாதனத் தகுதிக்கான தனி விதி கொண்டுவரப்பட்ட பிறகு, ஆய்வாளர்கள் நிலையங்களுக்குச் சென்று மோட்டார் வால்வுகளின் மூடியைக் கழற்றிப் பார்த்தார்கள். மோட்டாருக்குத் தகுதிச் சான்று இருந்தது. ஆனால் உள்ளே முனைகளை இணைத்த சிறு ஒயர்கள் எந்த ரகம் என்றே தெரியாத இடங்கள் இருந்தன. அந்த ஒரு சாண் ஒயர் உருகினால் சான்று பெற்ற மோட்டாரால் பயன் என்ன? இணைப்புப் பெட்டியின் அடியில் நீர் வடிவதற்கான துளை உண்டா, மூடியின் ரப்பர் கேஸ்கெட் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, சூட்டில் சுருங்கும் உறை கேபிளின் இணைப்பை இருபுறமும் போதிய அளவு மூடுகிறதா என்பனவற்றை மேசையில் அமர்ந்து பார்க்க முடியாது. டார்ச்சும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு போய்த்தான் பார்க்க வேண்டும். மெகர் (இன்சுலேஷனின் மின்தடையை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தோம், சரியாக இருக்கிறது என்ற பதிலும் இங்கே போதாது. உலர்ந்த அறையில் மெகர் நல்ல அளவு காட்டுவது அந்தக் கேபிள் இன்றைக்கு நலமாக இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும்.

நம் நாட்டிலும் பாடம் இல்லாமல் இல்லை. 1993 மார்ச் 31 அன்று உத்தரப்பிரதேசத்தின் நரோரா நிலையத்தில் டர்பைன் இறக்கைகள் உடைந்து, ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. தீ கேபிள்களின் வழியே பரவியது. மாற்றுக்கென்று வைத்திருந்த கேபிள்களும் முதன்மைக் கேபிள்களோடு போதிய தடுப்பின்றிச் சென்றதால் இரண்டும் எரிந்து, நிலையம் ஏறத்தாழ 17 மணி நேரம் முழு மின்னிழப்பில் இருந்தது. புகை புகுந்ததால் கட்டுப்பாட்டு அறையைவிட்டு வெளியேற நேர்ந்தது; பணியாளர்கள் கையில் டார்ச்சோடு மேலே ஏறி, போரான் கரைசலை உலைக்குள் இறக்கினார்கள்; டீசலில் இயங்கும் தீயணைப்புப் பம்புகளால் நீராவி உற்பத்திக் கலன்களுக்கு நீர் அனுப்பப்பட்டது. அவர்களது துணிவால் பெருங்கேடு நேரவில்லை. அது தகுதிச் சோதனை தவறிய நிகழ்வு அன்று. கேபிள் போட்ட விதத்தின் தவறு. என்றாலும், உலை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அதைக் காக்கும் கட்டளை செல்வது கேபிளில்தான் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இனி கூடங்குளத்துக்கு வருகிறேன். கொரிய அறிவிப்புக்கு மூன்று வாரங்களுக்கு முன்னர், 2013 மே 6 அன்று, கூடங்குளம் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் நிலையத்தை இயக்க அனுமதித்தது. கூடவே 15 கட்டளைகளையும் விதித்தது. பல்வேறு உறுப்புகளின், அமைப்புகளின் தரத்தை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும் அணுமின் கழகமும் அணுசக்தித் துறையும் உறுதிசெய்து இறுதி இசைவு தந்தாலன்றி நிலையத்தை இயக்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. அதே ஆண்டு ஜூலை 13-இல் முதல் உலையில் தொடர்வினை தொடங்கியது. இப்போது 3 முதல் 6 வரையுள்ள உலைகள் கட்டப்பட்டுவருகின்றன. கேபிளை மாற்றுவதற்கு மலிவான காலம், அதை இழுத்துப் போடுவதற்கு முந்திய நாள். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் விலை ஏறும் என்பதை ஷின்-கோரி 3 காட்டிவிட்டது.

நான் அணுமின்சாரத்தை எதிர்த்துப் போராடியவனும் அல்லன், அதற்குக் கொடி பிடித்தவனும் அல்லன். வாரியத்திடம் நான் வேண்டுவது சிறியது. ஒவ்வோர் உலைக்கும், பாதுகாப்புப் பணியில் உள்ள கேபிள் ரகங்கள் எத்தனை, அவற்றின் தகுதிச் சோதனை எந்த ஆண்டில் எந்த ஆய்வகத்தில் நடந்தது, அந்த ஆய்வகத்துக்குக் கூலி கொடுத்தது கேபிள் விற்றவரா நிலையத்தாரா, மூலச் சோதனைப் பதிவை ஆய்வகத்திடமிருந்தே நேரடியாகப் பெற்று ஒப்பிட்டார்களா, களத்தில் எத்தனை டிரம் எண்களைச் சரிபார்த்தார்கள், தகுதி ஆயுள் (சோதனை உறுதியளிக்கும் காலம்) எந்த ஆண்டில் முடிகிறது என்ற விவரங்களை ஒரு பக்க அளவில் வெளியிட வேண்டும். கேபிள் செல்லும் பாதையின் வரைபடத்தை நான் கேட்கவில்லை. அது வெளியே வரவும் கூடாது. வாரியத்தின் ஆண்டறிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகிறது. இடிந்தகரையிலும் கூத்தங்குழியிலும் வாழ்பவர்கள் படிக்க வேண்டிய இந்த ஒரு பக்கம் தமிழிலும் வர வேண்டும்.

சில நாடுகளில், உலைக் கட்டடத்துக்குள் வெப்பமும் கதிர்வீச்சும் மிகுந்த இடங்களில் அதே ரகக் கேபிளின் துண்டுகளைச் சும்மா கிடத்தி வைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொன்றாக எடுத்து, வளைத்தும் இழுத்தும் முதுமையைக் கணிக்கிறார்கள். கூடங்குளத்தின் 1, 2 உலைகளில் அப்படி வைக்கப்பட்டுள்ளனவா, புதிய உலைகளில் வைக்கப்படுமா என்பதையும் அந்தப் பக்கத்தின் கடைசி வரியில் சேர்த்துவிடலாம். கட்டப்பட்டுவரும் நான்கு உலைகளிலும் கவசக் கட்டடத்துக்குள் கேபிள் வேலை முடியுமுன் அந்தப் பக்கம் வெளிவர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் பொறியாளர்,
நாகர்கோவில்.