கிழக்கு மலைகளுக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

ஓக்லஹோமாவின் டாலக்வாவிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம்.

நம் செரோக்கிப் பழங்குடி முன்னோர் வாழ்ந்த மலைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டப் போவதாகவும், எங்கிருந்து தொடங்கலாம் என்றும் கேட்டிருந்தாய். இங்கிருந்து போகிறவர்களில் பலர், 1838-இல் அமெரிக்க இராணுவம் நம் மக்களைப் பிடித்து அடைத்துவைத்த இடங்களையும், அங்கிருந்து அவர்களை மேற்கே ஓக்லஹோமாவுக்குத் துரத்திய கண்ணீர்ப் பாதையின் நினைவுச் சின்னங்களையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த வெளியேற்றத்தில் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டதை ஓக்லஹோமாவில் வளர்ந்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் துரத்தப்பட்ட வழியை மட்டும் பார்க்கும் பிள்ளைகளுக்கு, துரத்தப்படுவதற்கு முன் நமக்கு என்ன இருந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

ஆகவே முதலில் கிடுவாவுக்குப் போ. வட கரோலினாவில், பிரைசன் சிட்டிக்கு அருகே, டக்கசீஜி ஆற்றங்கரையில் இருக்கும் அதுதான் நம் தாய் ஊர். அங்கே பெரிய கட்டடம் எதையும் எதிர்பார்க்காதே; பல தலைமுறைகள் ஏர் உழுது தாழ்ந்துபோன ஒரு மண்மேடும், அதைச் சூழ்ந்த வயல்வெளியும், அவற்றுக்குப் பின்னால் மலைகளும்தான் இருக்கும். அந்த மேட்டின்மேல் ஊர் மன்றமும் அதனுள் அணையாத நெருப்பும் இருந்தன என்பது நம்மவர் வழிவழியாகச் சொல்லிவருவது. நெடுங்காலம் பிறர் கையில் இருந்த அந்த நிலத்தில் 309 ஏக்கரைக் கிழக்குச் செரோக்கிகள் 1996-இல் விலை கொடுத்து மீட்டார்கள். பிள்ளைகளை மேட்டின்மேல் ஓடி விளையாட விடாதே.

அங்கிருந்து செரோக்கி நகரம் அதிகத் தொலைவில்லை. வெளியேற்றத்துக்குத் தப்பி மலைகளிலேயே தங்கிவிட்டவர்களின் வழிவந்தோர் அங்கே வாழ்கிறார்கள். கடைவீதியில், நாம் ஒருநாளும் அணிந்திராத சமவெளிப் பழங்குடிகளின் நீண்ட இறகு முடியைச் சூடிக்கொண்டு யாரேனும் படம் எடுக்க அழைத்தால், சினம் கொள்ளாமல் கடந்து போ. சுற்றுலாப் பயணி எதிர்பார்த்ததைக் கொடுத்துப் பிழைத்த காலம் ஒன்று அவர்களுக்கு இருந்தது. நேரத்தை அருங்காட்சியகத்திலும், 1946-இல் தொடங்கிய குவாலா கைவினைஞர் கூட்டுறவுக் கடையிலும் செலவிடு. ஆற்றோர நாணலைக் கீறிச் சீவி, கருப்பு வால்நட் வேரிலும் செந்நிறச் சாறுள்ள கிழங்கிலும் சாயமேற்றி, உள்ளும் புறமும் தனித்தனியாகத் தெரியும்படி ஒரே கூடையாக முடையும் இரட்டைப் பின்னலை அங்கே பார்க்கலாம். ஒரு காலத்தில் மிகவும் அருகிப்போயிருந்த கலை அது. விலை அதிகமாகத் தோன்றினால் பேரம் பேசாதே, வாங்காமல் வந்துவிடு. மூத்தவர்கள் யாராவது உன் குலத்தைக் கேட்டால் என் குலத்தைச் சொல்; நமக்குக் குலம் தாய்வழியே வருவது. உன் பிள்ளைகளுக்கும் அதுவே.

ஜார்ஜியாவின் நியூ எக்கோட்டாவைக் கடைசியில் வைத்துக்கொள், ஏனெனில் அங்கேதான் பிள்ளைகள் கடினமான கேள்விகளைக் கேட்பார்கள். 1825-இல் செரோக்கி நாட்டின் தலைநகரான அவ்வூரில், நம் மொழிக்குச் செகோயா உருவாக்கிய எழுத்துகளை அச்சில் வார்த்து, 1828-இல் இருமொழிச் செய்தித்தாள் வெளியிட்டோம். அதன் முதல் ஆசிரியர் எலியாஸ் பூடினோவே, 1835-இல் தலைவர் ஜான் ராஸும் தேசிய மன்றமும் ஒப்புக்கொள்ளாத உடன்படிக்கையில் கையெழுத்திட்டு நிலத்தை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்தவர்களுள் ஒருவர். 1839-இல் அதற்காகவே நம்மவர் கையால் கொல்லப்பட்டார். அவர் துரோகியா, வேறு வழியில்லை என்று நம்பியவரா என்பதில் நம் உறவினருக்குள்ளேயே இன்றும் ஒத்த கருத்து இல்லை. நான் ராஸ் பக்கம்தான். ஆனாலும் பிள்ளைகளிடம் இரண்டையும் சொல். அருகிலுள்ள, வான் என்ற செரோக்கிக் குடும்பத்தின் செங்கல் மாளிகையையும் தவிர்க்காதே. அந்தச் செல்வம் கறுப்பின அடிமைகளின் உழைப்பால் வந்தது. கண்ணீர்ப் பாதையில் நம் முன்னோருடன் நடத்திச் செல்லப்பட்டவர்களில் அவ்வாறு அடிமைப்பட்டிருந்தவர்களும் இருந்தார்கள்.

டென்னசியில் நம் பழைய ஊரான சோட்டா இருந்த இடம் 1979 முதல் அணை நீரில் மூழ்கிவிட்டது. நினைவுத் தூண்கள் மட்டும் கரையில் நிற்கின்றன. நேரம் இருந்தால் போ, இல்லாவிட்டால் விட்டுவிடு. முன்பு கிளிங்மன்ஸ் டோம் எனப்பட்ட குவோஹி சிகரத்தை மட்டும் விடாதே. 6,643 அடி உயரமுள்ள அம்மலைக்கு நம் முன்னோர் வைத்த பெயரே 2024-இல் அதிகாரப்பூர்வமாகத் திரும்பியது. டிசம்பர் முதல் மார்ச் முடிய அதற்கான சாலையை மூடிவிடுவார்கள். அதனால் அக்டோபர் மாதத்துக்கே விடுப்பு கேட்டு எழுதிவிடு.

அன்புடன்,
அம்மா